ஓய்வு கொடுத்தோம், உறக்கத்தைப் பறித்தோம்

(விலங்கியல் துறை ஆசிரியர் ஒருவரின் எண்ணங்கள்)

“பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது” என்பது நம் பெரியவர்கள் அடிக்கடி சொல்லும் பழமொழி. உண்மையான பசி வந்தவனுக்குப் பழைய சோறும் அமுதம். உண்மையான உறக்கம் வந்தவனுக்குக் கட்டாந்தரையும் பஞ்சணை. இந்தப் பழமொழியின் முழுப் பொருளும் எனக்குப் புரிந்தது, பஞ்சணை வாங்கிக் கொடுத்த பிறகும் என் தந்தை உறங்காமல் விழித்துக் கிடந்ததைக் கண்டபோதுதான்.

என் தந்தை அருப்புக்கோட்டையில் கைத்தறி நெய்தவர். பதின்மூன்று வயதில் தறிக்குழியில் கால் வைத்தவர், எழுபதாவது வயதில்தான் எழுந்தார். குழித்தறியைப் பார்த்திராத மாணவர்களுக்காகச் சொல்கிறேன். நெசவாளி குழியின் விளிம்பில் அமர்ந்து, கால்கள் இரண்டையும் குழிக்குள் விட்டு, மிதிகளை மாறி மாறி மிதிப்பார். வலக்கை கயிற்றை இழுக்க நாடா ஓடும். இடக்கை பலகையை இழுத்து அடிக்கும். கையும் காலும் முதுகும் ஓயாது. அதற்கு முன்பாக, கிழக்கு வெளுக்கும் வேளையில் தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போட வேண்டும். வெயில் ஏறுமுன் வேலை முடிந்தாக வேண்டும் என்பதால், பாவின் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் எத்தனை முறை நடந்திருப்பாரோ, கணக்கில்லை. அன்று யாரும் அதை உடற்பயிற்சி என்று சொல்லவில்லை. பிழைப்பு என்றுதான் சொன்னார்கள்.

அந்த மனிதர் இரவு சாப்பிட்டுக் கை கழுவியதும் தறிக்குப் பக்கத்திலேயே கோரைப்பாயை விரித்து, கையைத் தலைக்கு வைத்துப் படுப்பார். அண்டை வீட்டுத் தறி ‘தடக் தடக்’ என்று அடித்துக் கொண்டிருக்கும். கொசு இருக்கும், புழுக்கம் இருக்கும். ஆனால் படுத்தவர் புரண்டு படுத்து நான் கண்டதில்லை. “என்னப்பா, இவ்வளவு சத்தத்துல தூங்குறீங்களே?” என்று சிறுவனாக இருந்தபோது ஒருநாள் கேட்டேன். “சத்தம் நின்னாத்தாண்டா முழிப்பு வரும்” என்று சிரித்தார்.

நான் படித்து, வேலை பெற்று, இந்த ஊரில் வீடு கட்டினேன். அவரது எழுபதாவது வயதில் தறியை விற்றுவிட்டு அவரையும் அம்மாவையும் அழைத்து வந்தேன். “நீங்க உழைச்சது போதும்ப்பா. இனிமே சும்மா உட்காருங்க” என்றேன். தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் பிடுங்கிக் கொண்டோம். கடைக்குப் போகிறேன் என்றால் பேரனை அனுப்பினோம். மாடிப்படி ஏறினால் கடிந்து கொண்டோம். மின்விசிறி, மெத்தை, தொலைக்காட்சிப் பெட்டி எல்லாம் அவர் அறையிலேயே இருந்தன. தந்தைக்குச் செய்ய வேண்டிய கடமையைச் செய்துவிட்டதாக நான் பெருமைப்பட்டேன். என்னைப் போல் பெருமைப்படும் பிள்ளைகள் இந்த நாட்டில் ஏராளம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் செய்த பிழை

வந்த ஓராண்டுக்குள் அப்பாவின் உறக்கம் போயிற்று. பகலெல்லாம் நாற்காலியில் அமர்ந்தபடி கண் சொக்குவார். மதியம் இரண்டு மணி நேரம் படுப்பார். இரவு எட்டு மணிக்கே விளக்கை அணைப்பார். நள்ளிரவு பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் இடையில் விழித்தால், பிறகு விடியும் வரை கூரையைப் பார்த்துக் கொண்டு கிடப்பார். சில இரவுகளில் எழுந்து வந்து திண்ணையில் தனியாக உட்கார்ந்திருப்பார். காலையில் கேட்டால், “ராத்திரி ரொம்ப நீளமா இருக்குப்பா” என்பார். அந்த ஒரு வாக்கியம் இன்றும் என் காதில் ஒலிக்கிறது.

நான் என்ன செய்தேன்? விலங்கியல் கற்பிக்கும் ஆசிரியன், நரம்பு மண்டலத்தைப் பற்றிக் கரும்பலகையில் படம் போடுகிறவன், தெருமுனை மருந்துக் கடையில் போய்த் தூக்க மாத்திரை வாங்கி வந்தேன். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. தூக்க மாத்திரைகள் பலவற்றை 2014 முதல் இன்னும் கடுமையான பட்டியலில் சேர்த்து, வாங்குவோர் பெயரையும் எழுதி வைக்கும் வேண்டும் என்று அரசு விதித்திருக்கிறது. எழுதாமல் கொடுத்தவர் குற்றம் பாதி. கேட்டு வாங்கிய என் குற்றம் பாதி.

மாத்திரை கொடுத்த முதல் சில நாட்கள் அப்பா நன்றாக உறங்கினார். எனக்கும் நிம்மதி. இரண்டு மாதம் கழித்து ஒருநாள் இரவு இரண்டு மணிக்குச் சிறுநீர் கழிக்க எழுந்தவர், மாத்திரை மயக்கத்தில் தடுமாறிக் குளியலறை வாசலில் விழுந்தார். வலக்கை மணிக்கட்டு முறிந்தது. ஐம்பத்தேழு ஆண்டுகள் நாடாக் கயிற்றை இழுத்த கை அது.

அரசு மருத்துவமனையில் கட்டுப் போட்ட மருத்துவர் மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தார். “கை முறிந்ததோடு போயிற்றே என்று சந்தோஷப்படுங்கள். இடுப்பு எலும்பு முறிந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?” என்றார். பிறகு அப்பாவைப் பார்த்து, “பெரியவரே, ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் நடப்பீர்கள்?” என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

மாத்திரையைச் சட்டென்று நிறுத்தாமல், சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தும் முறையை மருத்துவரே எழுதிக் கொடுத்தார். நீண்ட நாள் சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்தி விடக் கூடாது, அதுவும் ஆபத்தே. முதியோருக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் ஒன்றை 1991இல் அமெரிக்க மருத்துவர் மார்க் பியர்ஸ் வெளியிட்டார். பின்னர் பலமுறை திருத்தப்பட்ட அந்தப் பட்டியலில், இத்தகைய தூக்க மாத்திரைகள் முதியோரைத் தடுமாறி விழச் செய்கின்றன, அறிவைக் குழப்புகின்றன என்ற எச்சரிக்கை இருக்கிறது. படித்தவன் நான், படிக்க வேண்டியதைப் படிக்கவில்லை.

உறக்கம் எப்படி வருகிறது?

உறக்கம் என்பது விளக்கை அணைப்பது போன்ற செயல் அன்று. அதற்கு இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்ய வேண்டும்.

முதலாமவர் கணக்குப்பிள்ளை. நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம், மூளை உழைக்க உழைக்க, அடினோசின் என்னும் வேதிப்பொருள் சிறிது சிறிதாகச் சேர்ந்து கொண்டே போகிறது. அது சேரச் சேர உறக்கத்தின் அழுத்தம் கூடுகிறது. உறங்கும்போது அந்தக் கணக்கு தீர்கிறது. காப்பியில் உள்ள காபீன் இந்த அடினோசின் அமர வேண்டிய இடத்தில் தான் அமர்ந்து கொள்வதால்தான் காப்பி குடித்தால் தூக்கம் கலைகிறது. பகலில் இரண்டு மணி நேரம் உறங்குகிறவர் இரவுக்கு வைத்திருந்த கணக்கைப் பகலிலேயே தீர்த்து விடுகிறார். பிறகு இரவில் உறக்கம் வரவில்லை என்று வருந்தினால் எங்கிருந்து வரும்?

இரண்டாமவர் கடிகாரக்காரர். மூளையின் அடிப்பகுதியில், கண்ணரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு கொத்து இருக்கிறது. அதுவே உடலின் தலைமைக் கடிகாரம். வெளிச்சத்தைப் பார்த்துத் தன் மணியைச் சரி செய்து கொள்ளும். உடலுக்குள் கடிகாரம் ஓடும் நுட்பத்தைக் கண்டறிந்ததற்காக ஜெப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் ஆராய்ந்த உயிர் எது தெரியுமா? நம் ஆய்வகத்தில் மரபியல் பாடத்துக்காகப் புட்டியில் வளர்க்கிறோமே, அதே பழ ஈதான்! நாள் முழுதும் அறைக்குள் அடைந்து கிடக்கும் முதியவருக்குப் பகல் வெளிச்சமும் கிடைப்பதில்லை; இரவு இருட்டும் முழுமையாகக் கிடைப்பதில்லை. கடிகாரம் எதைப் பார்த்து மணியைத் திருத்தும்?

வயது ஏற ஏற ஆழ்ந்த உறக்கம் குறைவது இயற்கையே. இடையிடையே விழிப்பு வருவதும் இயற்கையே. இதை மறுப்பதற்கில்லை. ஆனால் முதியோருக்கு உறக்கமே தேவையில்லை என்று நம் வீடுகளில் நினைக்கிறார்களே, அது தவறு. 65 வயதைக் கடந்தவர்களுக்கும் நாளொன்றுக்கு ஏழு முதல் எட்டு மணி நேர உறக்கம் தேவை என்பதே வல்லுநர் கருத்து. இயற்கை எடுத்துக் கொள்வது கொஞ்சம். நாம் பிடுங்கிக் கொள்வது மிகுதி. என் தந்தையின் உழைப்பை நிறுத்தியபோது கணக்குப்பிள்ளைக்கு வேலை இல்லாமல் செய்தேன். விடியற்காலைத் தெருவிலிருந்து அவரை அறைக்குள் கொண்டு வந்தபோது கடிகாரக்காரருக்கும் வேலை இல்லாமல் செய்தேன்.

ஆய்வுகள் தரும் சான்று

இது என் வீட்டுக் கதை மட்டும் அன்று. 1997இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். உடலுழைப்பு இல்லாத, உறக்கக் குறைபாடு உள்ள 50 முதல் 76 வயது வரையிலான 43 பேரை இரு பிரிவாகப் பிரித்தனர். ஒரு பிரிவினர் 16 வாரங்கள், வாரத்துக்கு நான்கு முறை, ஒவ்வொரு முறையும் 30 முதல் 40 நிமிடங்கள் வரை வேக நடை போன்ற மிதமான பயிற்சிகளைச் செய்தனர். மறு பிரிவினர் வழக்கம் போல் இருந்தனர். முடிவில், பயிற்சி செய்தவர்கள் மற்றவர்களைக் காட்டிலும் ஏறத்தாழ 12 நிமிடம் முன்னதாக உறங்கத் தொடங்கினர். உறங்கும் நேரமும் ஏறத்தாழ 42 நிமிடம் கூடியது. இவை அவர்களே தெரிவித்த கணக்குகள்.

நம் நாட்டிலும் சான்று உண்டு. பெங்களூரில் முதியோர் இல்லம் ஒன்றில் வாழ்ந்த 69 பேரிடம் நடத்திய ஆய்வு 2005இல் வெளியாயிற்று. ஆறு மாதம் யோகப் பயிற்சி செய்த பிரிவினருக்கு உறக்கம் பிடிக்கும் நேரம் சராசரியாகப் பத்து நிமிடம் குறைந்தது; உறங்கும் நேரம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கூடியது. காலையில் எழும்போது களைப்புத் தீர்ந்த உணர்வும் மிகுந்தது. ஒரு மணி நேரம் என்றால் சிறியதா? விழித்துக் கிடப்பவரைக் கேட்டுப் பாருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். மருத்துவர் சொன்னபடி கைக்கட்டுடனேயே அப்பா நடக்கத் தொடங்கினார். நம் கல்லூரி விளையாட்டுத் திடல்தான் இடம். ஐந்தாம் நாள் இரவு, “நடந்தும் தூக்கம் வரலியேப்பா. காலுதான் வலிக்குது” என்றார். எனக்கும் மனம் தளர்ந்தது. பின்னர் படித்தபோதுதான் விளங்கியது. 2013இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார், உறக்கமின்மையால் அவதிப்பட்ட 11 பெண்களிடம் கண்டது இதுவே: இன்று செய்த பயிற்சிக்கு இன்றிரவே கூலி கிடைப்பதில்லை. மாறாக, இன்றிரவு உறக்கம் கெட்டால் நாளைப் பயிற்சிதான் குறைகிறது. பல வாரங்கள் விடாமல் செய்தவர்களுக்கே உறக்கம் சீரடைந்தது. மாத்திரை அன்றிரவே வேலை செய்கிறது. நடை நான்கு மாதத்தில் வேலை செய்கிறது. நம் மக்கள் மாத்திரையை நம்பி நடையைக் கைவிடும் காரணம் இதில்தான் இருக்கிறது.

ஆறாவது வாரத்தில் அப்பாவின் பகல் தூக்கம் அரை மணி நேரமாகச் சுருங்கியது. மூன்றாம் மாதத்தில் ஒருநாள் விடியற்காலை நான் எழுந்து பார்த்தபோது திண்ணை காலியாக இருந்தது. பதறிப் போய் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். உறங்கிக் கொண்டிருந்தார். இன்றும் இரவில் ஒருமுறை எழுகிறார். ஆனால் மீண்டும் போய்ப் படுத்ததும் கண் அயர்கிறார். இரவு பத்து மணிக்குப் படுத்தால் நாலரை மணி வரை ஓடுகிறது. தறியடிச் சத்தத்தில் உறங்கிய உறக்கம் திரும்பவில்லை. அது எழுபத்தெட்டு வயதில் திரும்பாது. இரவு நீளமாக இருக்கிறது என்று மட்டும் இப்போது சொல்வதில்லை.

செய்ய வேண்டியது என்ன?

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட நெறிமுறையின்படி முதியோரும் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்புச் செய்ய வேண்டும். நாளொன்றுக்கு அரை மணி, வாரத்துக்கு ஐந்து நாள், அவ்வளவே. மிதமானது என்றால் என்ன? நடந்து கொண்டே பேச முடிய வேண்டும். ஆனால் பாட முடியக் கூடாது. தசை வலுவுக்கும், விழாமல் நிற்கும் பழக்கத்துக்கும் தனிப் பயிற்சி வேண்டும் என்றும் அந்நெறிமுறை கூறுகிறது. நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் பத்து முறை எழுவது, சுவரைப் பிடித்துக் கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது ஆகியவை போதும். காசு செலவில்லை.

எல்லாரும் விடியற்காலையில்தான் நடக்க வேண்டும் என்பதும் இல்லை. மாலை ஏழு மணிக்கே கண் சொக்கி, இரவு இரண்டு மணிக்கு விழித்து விடும் முதியவருக்கு மாலை வெளிச்சத்தில் நடப்பதே நல்லது. அது கடிகாரத்தைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளும். படுக்கப் போகும் நேரத்தில் மூச்சு வாங்கும் பயிற்சி மட்டும் கூடாது. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நடப்பதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். செருப்பில்லாமல் நடக்கவே கூடாது. நெஞ்சுவலியோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

நடையே எல்லாவற்றுக்கும் மருந்து என்று சொல்லி ஊரை ஏமாற்ற எனக்கு விருப்பமில்லை. பெருங்குறட்டை விட்டு இடையில் மூச்சு நின்று திணறுகிறவர், இரவில் ஐந்தாறு முறை சிறுநீருக்கு எழுகிறவர், துணையை இழந்த துயரத்தில் வாழ்வே வெறுத்துப் போனவர், இவர்களெல்லாம் முதலில் பார்க்க வேண்டியது மருத்துவரைத்தான். அவர்களுக்கும் நடை துணை செய்யும். ஆனால் நடை மட்டும் போதாது.

அம்மா எங்கே நடப்பது?

இதுவரை நான் அப்பாவைப் பற்றியே எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். அம்மாவுக்கும் உறக்கமில்லை என்பது எங்களுக்குத் தெரியவே வெகுநாளாயிற்று. அவர் சொல்லவும் இல்லை. நாங்கள் கேட்கவும் இல்லை. அப்பா தறியில் இருந்த காலத்தில் ராட்டையில் தார் சுற்றிக் கொண்டும், பாவுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொண்டும் அவரோடு பாதி உழைப்பை உழைத்தவர் அவர். “அம்மா, நீங்களும் அப்பாவோட போயிட்டு வாங்களேன்” என்றேன். “நான் எங்கப்பா போறது? ஆம்பளைங்க நடக்கிற இடத்துல இந்த வயசுல நான் போயி நடந்தா நாலு பேரு என்ன நினைப்பாங்க?” என்றார். வீட்டு வேலையே போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அடுப்படியில் நிற்பது களைப்பைத் தரும். ஆனால் நாற்பது நிமிடம் கைவீசி நடப்பதன் பயன் அதில் இல்லை, பகல் வெளிச்சமும் இல்லை, தோழியரோடு பேசும் மகிழ்ச்சியும் இல்லை.

எங்கள் தெருவில் நடைபாதை கிடையாது. விடியுமுன்பே மணல் லாரிகள் பறக்கின்றன. தெருநாய்களுக்குப் பயந்து கைத்தடி கொண்டு போக வேண்டும். தமிழக அரசு 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதைகளை அமைத்தது. பாராட்ட வேண்டிய திட்டமே. ஆனால் எட்டு கிலோமீட்டர் தூரம் நடப்பவருக்கு நல்ல உடல் இருக்க வேண்டும். அந்த இடத்துக்குப் போக வண்டியும் இருக்க வேண்டும். எழுபத்தைந்து வயது மூதாட்டிக்குத் தேவை வீட்டுக்கு அருகில் நானூறு மீட்டர் சமதரை.

அந்த நானூறு மீட்டர் எங்கே இருக்கிறது? நம் கல்லூரிக்குள் இருக்கிறது.

பூட்டிய கதவு

என் தந்தை நம் திடலில் நடக்கிறார் என்று சொன்னேன் அல்லவா? அதில் ஒரு வெட்கம் ஒளிந்திருக்கிறது. விடியற்காலையில் கல்லூரிக் கதவு பூட்டியிருக்கும். ஆசிரியரின் தந்தை என்பதால் காவலர் அன்போடு திறந்து விடுகிறார். ஒருநாள் அப்பா வீடு திரும்பியதும் சொன்னார்: “கேட்டுக்கு வெளியே ஒரு பெரியவரு நின்னுக்கிட்டு இருந்தாருப்பா. மூட்டை தூக்கிப் பொழைச்சவராம். ‘என்னையும் உள்ள விடுவாங்களாய்யா’ன்னு கேட்டாரு. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. நான் மட்டும் உள்ள வந்துட்டேன்.”

அன்று முழுவதும் எனக்கு வகுப்பு ஓடவில்லை. வாழ்நாளெல்லாம் மூட்டை சுமந்து, தீப்பெட்டி வாங்கும்போது கொடுத்த காசில் சேர்ந்த வரிப்பணத்தில் எழுந்ததல்லவா இந்த அரசுக் கல்லூரி? பேராசிரியரின் தந்தைக்குத் திறக்கும் கதவு அவருக்கு ஏன் திறக்கக் கூடாது?

ஆகவே என் கருத்து இது. காலை ஐந்தரை முதல் ஏழரை வரையும், மாலை ஐந்து முதல் ஆறரை வரையும் நம் விளையாட்டுத் திடலின் ஓரப் பாதையை அறுபது வயது கடந்த ஊர் மக்களுக்குத் திறந்து விட வேண்டும். இன்ன நாள், இன்ன நேரம் பெண்களுக்கு மட்டும் என்று ஒதுக்க வேண்டும். உட்கார நான்கு சிமெண்டு இருக்கைகளும், ஒரு குடிநீர்க் குழாயும், ஒரு கழிவறையும் போதும்.

“பாதுகாப்புக்கு யார் பொறுப்பு?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வருகிறவர்களுக்குப் பெயர் எழுதிய அட்டை கொடுக்கலாம். திடலுக்கு மட்டுமே வழிவிட்டு வகுப்பறைப் பகுதியைப் பூட்டி வைக்கலாம். “யாராவது மயங்கி விழுந்தால்?” என்பார்கள். வீட்டில் தனியாக விழுவதைவிட நாலு பேர் நடுவே விழுவது மேல். நம் மாணவர்கள் முதலுதவி கற்றவர்கள். “விளையாட்டு வீரர்களுக்கு இடைஞ்சல்” என்பார்கள். ஓரமாக நடக்கும் பாட்டியால் கால்பந்துக்கு என்ன இடைஞ்சல்? பந்து எல்லை தாண்டினால் எடுத்துக் கொடுக்க ஓர் ஆள் கிடைத்தார் என்று மகிழலாம்.

நாட்டு நலப்பணித் திட்டம் காந்தியடிகளின் நூற்றாண்டான 1969இல் தொடங்கப்பட்டது. ஆண்டுதோறும் ஏழு நாள் முகாமுக்குச் சிற்றூர் போகிறோம், கோயில் வளாகம் பெருக்குகிறோம், மரக்கன்று நடுகிறோம். நல்ல பணிகளே. இந்த ஆண்டு ஒரு பணியைக் கூட்டிக் கொள்வோம். மாணவ மாணவியர் இருவர் இருவராக முறை வைத்துக் காலையில் திடலுக்கு வரட்டும். தள்ளாடுகிறவருக்குக் கைகொடுக்கட்டும். யார் எத்தனை வாரம் தொடர்ந்து வந்தார், எத்தனை மணி நேரம் உறங்கினார் என்று ஒரு நோட்டில் எழுதட்டும். நான்கு மாதம் எழுதினால் அதுவே விலங்கியல் மாணவர்களுக்கு ஓர் உயிருள்ள பாடம் ஆகும்.

2011ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படியே தமிழ்நாட்டில் பத்துப் பேரில் ஒருவருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர். இன்று அந்த எண்ணிக்கை இன்னும் கூடியிருக்கிறது. மாணவச் செல்வங்களே, இது உங்கள் வீட்டுச் செய்தி. இன்று மாலை வீட்டுக்குப் போனதும் உங்கள் தாத்தாவை, பாட்டியை, “ராத்திரி தூங்கினீர்களா?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். அவர்கள் கையிலிருந்து கூடையைப் பிடுங்குவதற்கு முன் ஒரு கணம் யோசியுங்கள். தூக்க முடியாத சுமையை வாங்கிக் கொள்ளுங்கள். தூக்கக் கூடிய சுமையை அவர்களிடமே விடுங்கள். “சும்மா உட்காருங்க” என்று சொல்வதை விட்டு, “வாங்க, கொஞ்சம் நடந்துட்டு வரலாம்” என்று சொல்லுங்கள். கூடவே நடங்கள்.

எனக்கும் ஐம்பத்தைந்து வயதாகிறது. இன்னும் ஐந்தாண்டில் நானும் ஓய்வு பெறுவேன். மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, “இனி நன்றாக ஓய்வெடுங்கள்” என்று வாழ்த்தி அனுப்புவீர்கள். அந்த வாழ்த்தை நினைத்தால் இப்போதே எனக்கு அச்சமாக இருக்கிறது. மறுநாள் காலையில் நான் நம் கல்லூரி வாசலுக்கு வருவேன். அப்போது அந்தக் கதவு, ஓய்வு பெற்ற ஆசிரியருக்கு என்று தனியாகத் திறக்காமல், மூட்டை தூக்கிய அந்தப் பெரியவருக்கும் என் அம்மாவுக்கும் முன்பே திறந்திருக்க வேண்டும். என் வேண்டுகோள் அவ்வளவே.